எதைப் பிடித்துக்கொண்டு எதை அசைக்கிறோம்? பொருளியல் மாணவர்களுக்குப் பன்மாறி வகைநுண்கணிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் கணிதப் பிரிவு எடுக்காமல் பொருளியல் படிக்க வந்தவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கணிதம் எடுத்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, ஆனால் "இது எதற்கு?" என்று கடைசிவரை விளங்காமல் போனவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். கூடுமானவரை ஒரே ஒரு சார்பை வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். கேள்விக்கு ஒரு புதுச் சார்பு என்று மாற்றிக்கொண்டே போனால் எதுவும் கையில் தங்காது.

ஒரு மாறியை வைத்து வகையிடத் தெரியும். இரண்டு, மூன்று மாறிகள் வந்தால் புதிதாக என்ன கற்க வேண்டும்?

வகையிடும் விதி ஒன்றுகூடப் புதிதில்லை. அடுக்கு விதி, பெருக்கல் விதி, சங்கிலி விதி எல்லாம் பழையவைதான். புதிதாக வருவது ஒரு முடிவு: எதை அசைக்கிறோம், எதை அசையாமல் பிடித்துக்கொள்கிறோம்? ஒரு மாறி மட்டும் இருந்தபோது இந்தக் கேள்விக்கே இடமில்லை.

இது பொருளியல்காரர்களுக்குப் பழகிய விஷயம்தான். தேவை விதியைச் சொல்லத் தொடங்கும்போதே "மற்றவை மாறாதிருக்க" என்கிறோம். பகுதி வகைக்கெழு என்பது அந்த இரண்டு சொற்களின் கணித வடிவம். உழைப்பைப் பொறுத்து வகையிடும்போது மூலதனத்தை வெறும் எண் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூலதனத்தைப் பொறுத்து வகையிடும்போது உழைப்பு எண்ணாகிவிடும்.

சாதாரண வகைக்கெழுவிலிருந்து வேறுபடுத்திக் காட்டத்தான் அந்த வளைந்த 'டி' குறியீடு. 1786-லேயே லெஜாந்தர் அதைப் பயன்படுத்தினார். பிறகு தானே கைவிட்டார். 1841-ல் ஜேக்கபி மீண்டும் எடுத்த பிறகுதான் நிலைத்தது. வகுப்பில் சிலர் 'டோ' என்பார்கள், சிலர் 'டெல்' என்பார்கள். எப்படி வாசித்தாலும், அதைப் பார்த்தவுடன் "இங்கே எது அசையாமல் நிற்கிறது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நிஜமான தரவிலிருந்து வந்த சார்பு ஒன்றைக் காட்ட முடியுமா?

முடியும். பால் டக்ளஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1927-ல் தம் நாட்டு உற்பத்தித் தொழில்களின் உழைப்பு, மூலதனம், உற்பத்தி மூன்றுக்கும் 1899 முதல் 1922 வரை குறியீட்டெண்கள் தயாரித்து மடக்கை அளவில் வரைபடம் போட்டார். மூலதனக் கோடு மேலே, உழைப்புக் கோடு கீழே, உற்பத்திக் கோடு இடையில். அந்த இடைக்கோடு, கீழ்க்கோட்டிலிருந்து ஏறத்தாழ கால்பங்குத் தூரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு எந்தச் சூத்திரம் பொருந்தும் என்று ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக் கணித ஆசிரியர் சார்லஸ் காப்பிடம் கேட்டார். 1928-ல் இருவரும் சேர்ந்து வெளியிட்டது இது:

உற்பத்தி = 1.01 × உழைப்பு^0.75 × மூலதனம்^0.25

(^ குறிக்கு அடுத்து இருப்பது அடுக்கு.) டக்ளஸ் பின்னாளில் இல்லினாய் மாநிலத்தின் செனட்டராகப் பதினெட்டு ஆண்டுகள் இருந்தார். அந்தச் சார்பு அவரைவிட நீண்ட காலம் பதவியில் இருக்கிறது.

1899-ஐ 100 என்று வைத்தால், 1920-ல் உழைப்பு 194, மூலதனம் 407. சூத்திரத்தில் போட்டால் உற்பத்தி 235.8 வருகிறது. உண்மையான குறியீட்டெண் 231. மோசமில்லை.

இப்போது வகையிடுவோம். உழைப்பைப் பொறுத்த பகுதி வகைக்கெழு 0.75 × உற்பத்தி ÷ உழைப்பு, அதாவது 0.75 × 235.8 ÷ 194 = 0.912. மூலதனத்தைப் பொறுத்தது 0.25 × 235.8 ÷ 407 = 0.145. பாடநூல் இவற்றைத்தான் உழைப்பின் இறுதிநிலை உற்பத்தி, மூலதனத்தின் இறுதிநிலை உற்பத்தி என்கிறது.

0.912 என்றால் 0.912 என்ன? ஆளா, டாலரா, டன்னா?

நல்ல கேள்வி, பலரும் கேட்காமல் விடும் கேள்வி. இங்கே அது குறியீட்டெண் புள்ளிகள்: உழைப்புக் குறியீடு 194-லிருந்து 195 ஆனால், மூலதனம் 407-லேயே நிற்க, உற்பத்திக் குறியீடு சுமார் 0.91 புள்ளி ஏறும். அதனால் 0.912-ஐயும் 0.145-ஐயும் பக்கத்தில் வைத்து "உழைப்பு ஆறு மடங்கு முக்கியம்" என்று எழுதினால் தப்பு. 1899-க்குப் பதில் வேறோர் ஆண்டை 100 என்று வைத்திருந்தால் இரண்டு எண்களும் மாறியிருக்கும்.

அலகுத் தொல்லை வேண்டாமென்றால் நெகிழ்ச்சிக்குப் போங்கள். பகுதி வகைக்கெழுவை உழைப்பால் பெருக்கி உற்பத்தியால் வகுத்தால் மிஞ்சுவது 0.75 மட்டும். உழைப்பு ஒரு சதவீதம் கூடினால் உற்பத்தி ஏறத்தாழ முக்கால் சதவீதம் கூடும். காப்–டக்ளஸ் சார்பில் அடுக்குகளே நெகிழ்ச்சிகள். தேர்வில் நெகிழ்ச்சி கேட்டால் அரைப்பக்கம் வகையிட்டுக்கொண்டிருக்காமல், இருபுறமும் மடக்கை எடுத்துவிடுங்கள்.

உழைப்பு, மூலதனம் இரண்டும் சேர்ந்து மாறினால்?

அதற்கு முழு வகையீடு. ஒவ்வொரு மாற்றத்தையும் அதற்குரிய பகுதி வகைக்கெழுவால் பெருக்கிக் கூட்டுங்கள். உழைப்பு 4 புள்ளி, மூலதனம் 10 புள்ளி ஏறுகிறது என்றால் 4 × 0.912 + 10 × 0.145, ஏறத்தாழ 5.1. நேராக 198, 417 என்று சூத்திரத்தில் போட்டாலும் 5.1-தான் கூடுகிறது. சிறிய மாற்றங்களுக்கு இந்தத் தோராயம் அவ்வளவு நெருக்கம். மூலதனம் இரட்டிப்பானால் என்ன ஆகும் என்று இதை வைத்துக் கணக்கிடாதீர்கள். அவ்வளவு தூரம் போனால் வகைக்கெழுவே மாறிவிட்டிருக்கும்.

இரண்டும் காலத்தோடு மாறுகின்றன என்றால் இதுவே சங்கிலி விதியாகிறது. ராபர்ட் சோலோ 1957-ல் செய்தது சாரத்தில் இதுதான். உற்பத்தி வளர்ச்சியிலிருந்து உழைப்பால் வந்த பங்கு, மூலதனத்தால் வந்த பங்கு இரண்டையும் கழித்தார், மிச்சத்துக்குத் தொழில்நுட்ப மாற்றம் என்று பெயர் வைத்தார். 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மனித-மணி உழைப்புக்கான உற்பத்தி இரட்டிப்பானது. அதில் எட்டில் ஏழு பங்கு அந்த மிச்சத்திலிருந்து வந்தது என்று முடிந்தது கணக்கு. இரண்டு பகுதி வகைக்கெழுவும் ஒரு கழித்தலும் சேர்ந்து வளர்ச்சிக் கோட்பாட்டையே திருப்பிப்போட்டன.

சம உற்பத்தி வளைகோட்டின் சாய்வுக்கு ஏன் கழித்தல் குறி? அந்தப் பின்னம் ஏன் தலைகீழாக வருகிறது?

ஒரே அளவு உற்பத்தியைத் தரும் உழைப்பு, மூலதனச் சேர்க்கைகளை இணைக்கும் கோடுதான் சம உற்பத்தி வளைகோடு. ஆகவே இப்போது நாம் பிடித்துக்கொண்டிருப்பது மூலதனத்தை அல்ல, உற்பத்தியை. உற்பத்தி அசையக்கூடாது என்றால் முழு வகையீடு பூச்சியம்: 0.912 × உழைப்பு மாற்றம் + 0.145 × மூலதன மாற்றம் = 0. ஒன்று கூடினால் மற்றது குறைந்தாக வேண்டும், கழித்தல் குறி அதற்குத்தான். மூலதன மாற்றத்தை உழைப்பு மாற்றத்தால் வகுத்துப் பாருங்கள், உழைப்பின் இறுதிநிலை உற்பத்தி தானாக மேலே போய் உட்காரும். 1920-ன் எண்களில் 6.3: உழைப்பில் ஒரு புள்ளியை எடுத்துவிட்டு அதே உற்பத்தியைக் காக்க மூலதனத்தில் 6.3 புள்ளி வேண்டும்.

பயன்பாட்டுச் சார்பில் சமநோக்கு வளைகோட்டின் சாய்வும் இதே கணக்குத்தான், பெயர்கள் மட்டும் வேறு.

ஆய்லர் தேற்றத்தை மனப்பாடம் செய்துவிட்டேன். பொருளியலில் அதற்கு என்ன வேலை?

கூலியும் வட்டியும் கொடுத்த பிறகு ஏதாவது மிஞ்சுமா, அல்லது துண்டு விழுமா என்பதைச் சொல்வதுதான் அதன் வேலை.

உழைப்புக்கும் மூலதனத்துக்கும் அவரவர் இறுதிநிலை உற்பத்தி அளவுக்கே ஊதியம் என்று வைத்துக்கொள்வோம். 194 புள்ளி உழைப்புக்கும் ஒவ்வொன்றுக்கு 0.912 வீதம் கொடுத்தால் 176.85. மூலதனத்துக்கு 58.95. (தசமங்களைச் சுருக்காமல் பெருக்க வேண்டும்.) கூட்டிப் பாருங்கள்: 235.8. மொத்த உற்பத்தியும் சரியாகத் தீர்ந்துவிட்டது, ஒரு பருக்கைகூட மிச்சமில்லை.

இது தற்செயல் அல்ல. அடுக்குகளைக் கூட்டினால் 1, ஆகவே இது முதற்படிச் சமபடித்தான சார்பு. உள்ளீடுகளை இரட்டித்தால் உற்பத்தியும் இரட்டிக்கும். அப்படிப்பட்ட எந்தச் சார்புக்கும் ஆய்லர் தேற்றம் இந்த முடிவையே தரும். அடுக்குகளின் கூட்டுத்தொகை 1.2 என்றால், எல்லோருக்கும் இறுதிநிலை உற்பத்திப்படி கொடுக்க உற்பத்தியைப்போல 1.2 மடங்கு வேண்டும். இல்லாததை எங்கிருந்து கொடுப்பது? அங்கே போட்டிச் சந்தை நிற்காது.

1894-ல் பிலிப் விக்ஸ்டீட் இந்தப் பங்கீட்டுச் சிக்கலைப் பக்கம் பக்கமாக வாதிட்டு நிறுவப் பார்த்தார். அந்த நூலுக்கு மதிப்புரை எழுதிய ஃப்ளக்ஸ் என்பவர், "இது ஆய்லர் தேற்றமாயிற்றே" என்ற பொருளில் சில வரிகளில் முடித்துவிட்டார். கணிதம் தெரிந்தால் எவ்வளவு தாள் மிச்சமாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

இன்னொன்று: அமெரிக்க உற்பத்தித் தொழில்களில் 1909–1918 காலத்தில் கூலி, சம்பளத்தின் பங்கு சுமார் 74 சதவீதம் என்று தனியாக ஒரு மதிப்பீடு இருந்தது. காப்பும் டக்ளஸும் கண்ட 0.75-க்கு அது எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். அவர்களுக்கு உற்சாகம் பிறந்ததில் வியப்பில்லை.

கலப்பு வகைக்கெழுக்கள் எந்த வரிசையில் எடுத்தாலும் ஒன்றுதானா?

ஒரு மாறியைப் பொறுத்து வகையிட்டதை மற்ற மாறியைப் பொறுத்து மறுபடி வகையிட்டால் வருவது கலப்பு வகைக்கெழு. இரண்டாம் வகைக்கெழுக்கள் தொடர்ச்சியாக இருந்தால் எந்த வரிசையிலும் ஒன்றுதான். யங் தேற்றம் என்பார்கள், ஷ்வார்ஸ் பெயரையும் சொல்வார்கள். பாடத்தில் நீங்கள் சந்திக்கும் சார்புகளில் இது பொய்த்துப்போகாது. நம் சார்பில் கலப்பு வகைக்கெழு நேர்க்குறி. அதாவது இயந்திரம் கூடினால் தொழிலாளியின் இறுதிநிலை உற்பத்தி உயர்கிறது, தொழிலாளி கூடினால் இயந்திரத்தினுடையது உயர்கிறது, இரண்டும் ஒரே அளவில்.

"வரிசை மாறினால் என்ன" என்று அலட்சியமாகத் தோன்றும் இந்தத் தேற்றத்திலிருந்து பொருளியலுக்குக் கிடைத்த பெரிய பரிசு ஸ்லட்ஸ்கி சமச்சீர்மை. காபி விலை ஏறினால் தேநீரின் தேவை எவ்வளவு மாறும்? இதற்கு இரண்டு பதில்கள் உண்டு, ஏனென்றால் பிடித்துக்கொள்ளக்கூடியவை இரண்டு. கையிலிருக்கும் ரூபாயை மாறாமல் வைத்தால் ஒரு பதில். அடையும் மனநிறைவை மாறாமல் வைத்தால் (விலையேற்றத்துக்கு ஈடாகக் கொஞ்சம் பணம் கொடுத்து) இன்னொரு பதில். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் வருமான விளைவு.

முதல் வகையில் காபி விலை தேநீரைப் பாதிக்கும் அளவும், தேநீர் விலை காபியைப் பாதிக்கும் அளவும் சமமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாம் வகையில் சமமாகத்தான் இருக்கும். காரணம் இது: குறிப்பிட்ட மனநிறைவை அடையத் தேவையான மிகக்குறைந்த செலவை விலைகளின் சார்பாக எழுதுங்கள். அதைத் தேநீர் விலையைப் பொறுத்து வகையிட்டால் தேநீரின் ஈடுசெய்த தேவை கிடைக்கும். அதையே காபி விலையைப் பொறுத்து மறுபடி வகையிட்டால் அது செலவுச் சார்பின் கலப்பு வகைக்கெழு. மறு வரிசையில் எடுத்தாலும் அதே எண். யெவ்கேனி ஸ்லட்ஸ்கி 1915-ல் ஓர் இத்தாலிய இதழில் இந்தக் கோட்பாட்டை எழுதினார். போர்க்காலம், யாரும் கவனிக்கவில்லை. 1934-ல் ஹிக்ஸும் ஆலனும் தாங்களாகவே அதே இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அவர் பெயர் வெளியே வந்தது.

பெருமம், சிறுமம் பார்க்க இரண்டு இரண்டாம் வகைக்கெழுக்களின் குறியைப் பார்த்தால் போதாதா? அந்த அணிக்கோவை எதற்கு?

போதாது. ப² + ம² − 3பம என்ற சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதிப்புள்ளியில் இரண்டு முதல் வகைக்கெழுக்களும் பூச்சியம். கிழக்கே நடந்தால் ஏறுகிறது, வடக்கே நடந்தாலும் ஏறுகிறது. சிறுமம் என்று சொல்லத் தோன்றும். வடகிழக்கே நடந்து பாருங்கள். ப, ம இரண்டும் சமம் என்றால் சார்பு −ப² ஆகிறது, கீழே இறங்குகிறது. குதிரைச் சேணத்தின் வடிவம் அது, சேணப் புள்ளி என்பது அதனால்தான். குறுக்குத் திசைகளில் நடப்பதைக் காட்டிக்கொடுப்பது கலப்பு வகைக்கெழு. இரண்டு இரண்டாம் வகைக்கெழுக்களைப் பெருக்கி, கலப்பு வகைக்கெழுவின் வர்க்கத்தைக் கழித்தால் வருவதுதான் அந்த அணிக்கோவை: 2 × 2 − (−3)² = −5. அணிக்கோவை எதிர்க்குறி என்றால் சேணம்.

பொருளியலில் இது வெறும் வித்தையல்ல. உழைப்பு^0.6 × மூலதனம்^0.6 என்று ஓர் உற்பத்திச் சார்பு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு உள்ளீட்டுக்கும் குறைந்துசெல் இறுதிநிலை உற்பத்தி, இரண்டாம் வகைக்கெழுக்கள் இரண்டும் எதிர்க்குறி. ஆகவே இலாபத்துக்குப் பெருமம் உண்டு என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். இரண்டையும் சேர்த்து இரட்டித்தால் உற்பத்தி சுமார் 2.3 மடங்காகிறது, செலவு 2 மடங்குதான். விலைகள் மாறாத சந்தையில் இந்த நிறுவனம் பெரிதாகிக்கொண்டே போகலாம், பெருமம் என்று ஒன்று கிடையாது. முதல் வகைக்கெழுக்களைப் பூச்சியமாக்கினால் ஒரு புள்ளி வரத்தான் செய்யும். அது சேணம்.

லாக்ராஞ்சி பெருக்கியில் வரும் லாம்டாவைக் கண்டுபிடித்து என்ன செய்வது? விடையில் அது வருவதே இல்லையே?

விடையில் வராமல் போவதற்குக் காரணம் வினாத்தாள். பொருளியலாளருக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த எண்தான்.

இட்லி 10 ரூபாய், காபி 20 ரூபாய், கையில் 200 ரூபாய். பயன்பாடு = இட்லி எண்ணிக்கை × காபி எண்ணிக்கை என்று கொள்வோம். (இப்படியொரு பயன்பாடு உலகில் யாருக்கும் இல்லை. கணக்கு எளிதாக வரும், அவ்வளவுதான்.) லாக்ராஞ்சி முறையில் (பணக் கட்டுப்பாட்டை லாம்டாவால் பெருக்கிப் பயன்பாட்டோடு சேர்த்து வகையிட்டு) தீர்த்தால் 10 இட்லி, 5 காபி, பயன்பாடு 50, லாம்டா 0.5. இப்போது கையில் 201 ரூபாய் என்று வைத்து மறுபடி தீர்த்தால் பயன்பாடு 50.501. ஒரு ரூபாய் கூடியதால் கிடைத்தது ஏறத்தாழ 0.5, அதுவே லாம்டா. கட்டுப்பாட்டை ஓர் அலகு தளர்த்தினால் எவ்வளவு பெறுமதி என்பதே அதன் பொருள். கட்டுப்பாடு பணமாக இல்லாமல் தண்ணீராகவோ மின்சாரமாகவோ இருந்தால், இன்னோர் அலகுக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்று லாம்டா சொல்லும். நிழல் விலை என்ற பெயர் அதனால் வந்தது.

இட்லி, காபி எண்ணிக்கைகளும் பணத்தோடு மாறுகின்றனவே, அதன் விளைவு லாம்டாவில் எங்கே போயிற்று என்று சந்தேகம் வந்தால் நல்லது. கடைசிக் கேள்வியில் பதில் இருக்கிறது.

கட்டுப்பாட்டைக் கூட்டி எழுதுவதா, கழித்து எழுதுவதா?

எப்படியும் எழுதலாம். அளவுகள் மாறாது, லாம்டாவின் குறி மட்டும் புரளும். லாம்டாவுக்கு விளக்கம் எழுதப்போகிறீர்கள் என்றால், லாம்டா × (வருமானம் − செலவு) என்று கூட்டி எழுதினால் குழப்பமில்லை.

உறைத் தேற்றம் என்கிறார்களே, அது என்ன?

சிக்காகோவில் ஜேக்கப் வைனர் 1931-ல் செலவு வளைகோடுகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆலையின் அளவு மாறாதிருக்கும் குறுங்காலச் சராசரிச் செலவுக் கோடுகள் பல, ஒவ்வொன்றும் யு வடிவில். அவற்றுக்குக் கீழே, எல்லாவற்றையும் தொட்டுத் தாங்கும் உறைபோல, நீண்டகாலக் கோடு. படம் வரைய வாங் என்ற கணிதவியலாளர் இருந்தார். நீண்டகாலக் கோடு எந்தக் குறுங்காலக் கோட்டுக்கும் மேலே போகக்கூடாது, ஆனால் ஒவ்வொன்றின் அடிமட்டப் புள்ளி வழியாகவும் போக வேண்டும் என்று வைனர் கேட்டார். முடியாது என்றார் வாங். வைனருக்கு ஏன் என்று புரியவில்லை. கட்டுரையின் அடிக்குறிப்பில் அதை அப்படியே பதிவும் செய்தார்.

வாங் சொன்னதுதான் சரி. ஒரு கோடு இன்னொன்றை வெட்டாமல் தொட வேண்டுமென்றால் தொடும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே சாய்வு இருக்க வேண்டும். குறுங்காலக் கோட்டின் அடிமட்டத்தில் சாய்வு பூச்சியம். நீண்டகாலக் கோடு இறங்கிக்கொண்டிருக்கும் பகுதியில் அதன் சாய்வு பூச்சியமல்ல. ஆகவே தொடும் இடம் அடிமட்டத்துக்குச் சற்று இடப்புறமாகத்தான் விழும். இரண்டும் ஒத்துப்போவது நீண்டகாலக் கோட்டின் சொந்த அடிமட்டத்தில் மட்டும்.

இதன் கணிதம் சங்கிலி விதியின் ஒரு வரி. உற்பத்தி கூடும்போது மொத்தச் செலவு இரண்டு வழியாக மாறும்: நேராக, மற்றும் ஆலையின் அளவை மாற்றியமைப்பதால். இரண்டாவது வழியில் வருவது, ஆலை அளவைப் பொறுத்த செலவின் பகுதி வகைக்கெழு × ஆலை அளவின் மாற்றம். ஆனால் ஆலை அளவைச் செலவு மிகக்குறைவாக இருக்கும்படி ஏற்கெனவே தேர்ந்துவிட்டோம். அந்தப் பகுதி வகைக்கெழு பூச்சியம், உறுப்பே காணாமல் போகிறது. ஆகவே அந்தப் புள்ளியில் ஆலையை அசையாமல் பிடித்துக்கொண்டு வகையிட்டாலும், அசையவிட்டு வகையிட்டாலும் ஒரே விடை. உறைத் தேற்றம் என்பது இதுதான். லாம்டா விஷயத்திலும் இதுவே நடந்தது. இட்லியும் காபியும் ஏற்கெனவே உச்சத்தில் இருந்ததால், அவை சிறிது நகர்வதன் விளைவு முதல்நிலைத் தோராயத்தில் மறைந்துவிடுகிறது. 50.501-ல் கடைசியில் தொங்கும் அந்த 0.001 இரண்டாம்நிலை எச்சம்.

வைனர் பின்னால் தம் தவற்றை உணர்ந்தார். 1950-ல் கட்டுரை மறுபதிப்பானபோது திருத்தும் வாய்ப்பும் கிடைத்தது. பிழையை அப்படியே விட்டுவிட்டு ஒரு குறிப்பு மட்டும் சேர்த்தார்: இதைச் சுட்டிக்காட்டும் இன்பம் இனி வரும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கிடைக்கட்டும்.